ஆறு மணி நேரம் பத்து நிமிடம்

கண்ணாடிக்காரர் இறந்த மறுநாளிலிருந்து அவருடைய வீட்டுக்குள் வெயில் வருவதை நிறுத்திக்கொண்டது. எதிர்வீட்டு மாடியில் விழுந்தது, பக்கத்து வீட்டு ஓட்டில் விழுந்தது, அந்த வீட்டின் இரும்புக் கேட்டின் மேல்கூட விழுந்தது. ஆனால் தெற்குச் சன்னலுக்கு நாலு விரல்கடை தூரம் வரை வந்து, அங்கேயே நின்று, நேரமானதும் திரும்பிப் போய்விட்டது. முதல் ஒரு வாரம் இதை யாரும் கவனிக்கவில்லை. துக்க வீடு, திரையை இழுத்துவிட்டிருப்பார்கள் என்று தெருவில் நினைத்துக்கொண்டார்கள். எட்டாம் நாள்தான் கண்ணாடிக்காரரின் அப்பா, ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், வழக்கமான நாற்காலியில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, கால் சில்லிட்டுக் கிடப்பதைப் பார்த்து, "அம்மாடி, சன்னலைத் துடைச்சியா இல்லையா?" என்று மருமகளைக் கேட்டார். துடைத்துத்தான் இருந்தாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது, அதன் வழியாகத் தெருவில் அடிக்கிற வெயில் முழுவதும் தெரிந்தது, தரையில் மட்டும் ஒன்றும் விழவில்லை.

அந்த ஊரில் வெயில் சும்மா கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. மூன்று பக்கமும் மலை. குளிர்காலத்தில் காலை ஒன்பதே காலுக்குத்தான் சூரியன் கிழக்கு மேட்டைத் தாண்டித் தலைகாட்டும். மூன்று இருபத்தைந்துக்கெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு மேற்கு மேட்டுக்குப் பின்னால் இறங்கிவிடும். அந்த இடைவேளையிலும் பாதி நாள் மூடுபனி. அதனால் அங்கே ஒருவருக்கொருவர் வழியில் பார்த்தால் உடம்பு எப்படி என்று கேட்கமாட்டார்கள், உங்கள் பக்கம் வெயில் எப்படி என்றுதான் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு அதிகாரபூர்வமாகப் பதில் எழுதுகிற வேலை கண்ணாடிக்காரரின் மனைவியுடையது. மேட்டின் மேல் இருந்த வானிலை நிலையத்துக்கு ஆபீசர், குமாஸ்தா, பியூன் எல்லாம் அவள்தான். ஊருக்கு அவள் வெயிலக்கா. இருபத்திரண்டு வருடமாக அவளுடைய வேலையின் நடுநாயகமாக இருந்தது ஒரு கண்ணாடிப் பந்து. தேங்காய் அளவு, உள்ளே கெட்டி. அதன் பின்னால் வளைத்துச் செருகிய ஓர் அட்டை. வெயில் அடித்தால் பந்து அதைக் கூட்டிப் பிடித்து அட்டையில் ஒரு கோடாகப் பொசுக்கும், மேகம் வந்தால் கோடு நின்றுவிடும். சாயங்காலம் அட்டையை உருவி, கருகிய நீளத்தை அளந்து, இன்றைக்கு இத்தனை மணி நேரம் இத்தனை நிமிடம் வெயில் என்று பதிவேட்டில் எழுதி, மறுநாளுக்குப் புது அட்டை செருகிவிட்டு வரவேண்டும். பதிவேட்டில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. மற்ற நிலையங்களில் அதைக் காலியாக விடுவார்கள். இவள் விடமாட்டாள். ஓட்டில் உறைபனி எட்டே முக்கால் வரை கரையவில்லை, சிட்டுக்குருவிகள் உடம்பை உப்பவைத்துக்கொண்டு கம்பியில் வரிசையாக, குளத்தோரம் ஐஸ் விரல் கனம், இலையில்லாத மரத்தில் பழைய கூடு ஒன்று கண்ணில் பட்டது என்று பொடி எழுத்தில் எழுதி வைப்பாள்.

கண்ணாடிக்காரர் ஊரில் பாதி வீட்டுக்குச் சன்னல் கண்ணாடி போட்டவர். தன் வீட்டுக்கு மட்டும் தெற்குச் சுவரில் முக்கால்வாசியை இடித்துவிட்டு, மூன்று ஆள் நிற்கிற அகலத்துக்குக் கண்ணாடி போட்டார். ஏனென்றால் குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து போகும், தாழப் போகப் போக வெயில் வீட்டுக்குள் ஆழமாக வரும். கோடையில் சன்னல் விளிம்போடு நின்றுவிடுகிற வெயில், குளிர் ஏற ஏறத் தரையில் ஒவ்வொரு பலகையாக நகர்ந்து உள்ளே வந்து, வருடத்தின் மிகக் குட்டையான நாளன்று பின்சுவர் அலமாரியின் காலைத் தொடும். தினமும் பகல் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் வெயிலின் விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கே பலகைத் தரையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவது அவருடைய பழக்கம். வேலை தூரத்தில் இருந்தால் அந்தப் பொறுப்பு அப்பாவுக்கு. "ஊர்ல எல்லாரும் இன்னியிலேருந்து வெயில் திரும்பி வருதுன்னு சந்தோஷப்படுறாங்க, நம்ம வீட்டுல மட்டும் இன்னியிலேருந்து வெளியே கிளம்புது பாரு" என்று அந்தக் குட்டை நாளன்று வருடா வருடம் அதே ஜோக்கைச் சொல்வார். வருடா வருடம் அவளும் சிரிப்பாள். ஜோக்குக்காக இல்லை, அவர் அதைப் புதிதாகச் சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொள்வதற்காக.

அப்படி ஒரு குட்டை நாளில்தான் அவர் போனார். காலையில் சன்னலை வெளிப்பக்கம் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டு, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனவர், பதினோரு மணிக்கு ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி, கையெழுத்து, ஆட்கள் எல்லாம் முடிந்து, நாலு மணிக்கு அவள் மேட்டுக்கு நடந்தாள். அட்டையை மாற்ற ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. உருவிப் பார்த்தாள். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இடைவெளியே இல்லாத கோடு. அந்தக் குளிர்காலத்திலேயே, அவளுக்குத் தெரிந்து பத்து வருடக் குளிர்காலங்களிலேயே, ஒரு மேகத் துணுக்கும் இல்லாத நாள். ஆறு மணி நேரம் பத்து நிமிடம், அந்த மலைகளுக்கு நடுவில் அந்தத் தேதிக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு. பதினோரு மணிக்கு நேராக அந்தக் கோடு கொஞ்சம் வெளிறவாவது வேண்டாமா என்று விரலால் தடவிப் பார்த்தாள். இல்லை. அதே கனத்தில் அழகாகப் பொசுங்கியிருந்தது. அவளுக்குச் சூரியன் மேல் வந்த ஆத்திரம் வாழ்நாளில் எந்த மனுஷன் மேலும் வந்ததில்லை. பதிவேட்டைத் திறந்து, 'வெயில்: இல்லை' என்று எழுதினாள். குறிப்பில் 'நாள் முழுவதும் மூடுபனி' என்று எழுதினாள். பழைய அட்டைகளின் கட்டோடு ஒரு வெற்று அட்டையைச் சேர்த்துவிட்டு, பொசுங்கிய அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய், அவர் கண்ணாடி அறுக்கும் கருவி வைத்திருந்த தகரப் பெட்டியின் அடியில் வைத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் பொய். மறுநாள்தான் வெயில் நின்றது.

நகராட்சி இன்ஜினியர் வந்தார். அளந்தார். தடுப்பு எதுவும் இல்லை, எனவே புகாருக்கு முகாந்திரம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, உள்ளே குளிர் தாங்காமல் வாசலில் நின்றே காபி குடித்துவிட்டுப் போனார். எதிர்வீட்டுத் தையல்காரி தன் ஆள் உயரக் கண்ணாடியை மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலைத் திருப்பி அனுப்பிப் பார்த்தாள். அது தெருவைத் தாண்டி வந்து, சன்னலுக்கு நாலு விரல்கடை இருக்கும்போது, முறைத்துக்கொண்ட சொந்தக்காரர் மாதிரி அப்படியே திரும்பிக்கொண்டது. அந்த வீட்டு ஓட்டில் படிந்த பனி மாலைவரை வெள்ளையாகவே கிடந்தது. சிட்டுக்குருவிகள் பக்கத்து வீட்டு ஓட்டுக்குக் குடிபோயின. சன்னலோரச் செடி வெளிறி, நீண்டு, ஒருபக்கம் சாய்ந்தது. பல்பு எரிந்தது, அடுப்பு எரிந்தது, அதிலெல்லாம் குறையில்லை. ஊருக்கெல்லாம் வெயில் எழுதுகிறவள் வீட்டில் வெயில் இல்லை என்று கொஞ்ச நாள் பேசினார்கள், பிறகு ஒரு வீட்டில் கிணறு வற்றியதைப் போல அதையும் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்துக்கொண்டது மட்டும் இல்லை, ஒரு முறையும் ஏற்படுத்திக்கொண்டார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியாது, தையல்காரி என்றுதான் பேச்சு. ஒவ்வொரு நாளும் தெருவில் ஒரு வீட்டார் தங்கள் கம்பளியை மாடியில் நாள் முழுக்கக் காயப்போட்டு, மூன்று மணிக்கு, சூடு ஆறுவதற்குள் சுருட்டிக் கொண்டுவந்து கண்டக்டர் மேல் போர்த்திவிட்டுப் போவார்கள். இரண்டு மணி நேரம் அவருக்கு அது தாங்கும். போர்த்துகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்து, "பேக்கரி வீடு" என்பார், "வாத்தியார் வீடு, பூச்சி உருண்டை போட்டிருக்காங்க" என்பார். முப்பது வருடம் பஸ்ஸில் போனவருக்கு இது ஒரு ரூட் மாதிரி ஆகிவிட்டது. தெருவில் ஸ்டாப் வரிசை மனப்பாடம். வெயிலக்கா சாயங்காலம் மேட்டிலிருந்து வந்ததும் கம்பளியை மடித்து அந்தந்த வீட்டில் திருப்பிக் கொடுப்பாள். வெயில் வராததன் காரணம் அவளுக்கு அந்த எட்டாம் நாளிலிருந்தே தெரியும். பதிவேட்டில் ஒரு வரியை அடித்து எழுதினால் போதும் என்பதும் தெரியும். பேனாவை எடுப்பாள், அந்தப் பக்கத்தைத் திருப்புவாள். அவர் போன நாள் நல்ல நாளாக இருந்தது என்று தன் கையால் எழுத வேண்டும். அது மட்டும் முடியாது. மூடி வைத்துவிடுவாள்.

இப்படியே மூன்று வருடம். மூன்றாவது குளிர்காலத்தில் கண்டக்டரின் இருமல் நெஞ்சில் இறங்கிவிட்டது. டாக்டரம்மா கேட்டுப் பார்த்துவிட்டு, மருந்து எழுதினார், கூடவே, "இந்த வீட்டுல இன்னொரு மாசம் வெச்சிருந்தா நான் பொறுப்பில்ல. வெயில் இருக்கிற இடமாப் பார்த்து அனுப்பிடுங்க" என்றார். கடலோர ஊரில் இருந்த நாத்தனாருக்குத் தகவல் போனது. குட்டை நாள் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவைக் கூட்டிப்போவதாக நாத்தனார் சொன்னாள், அதில் ஒரு தப்பும் இல்லை, பெற்ற மகள். கண்டக்டர் சரி என்றார். சரி என்றவர் துணி ஒன்றையும் எடுத்து வைக்கவில்லை. தன் பழைய விசிலை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தயார் என்று உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வெயிலக்காவுக்கும் நடுவில் ரத்த சொந்தம் இல்லை. இருந்த ஒரே பாலம் ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டது. ஆனாலும் காலையில் அவர் இருமுகிற சத்தம் கேட்டுத்தான் அவள் எழுந்திருந்தாள், அவள் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டுத்தான் அவர் டீக்குத் தண்ணீர் வைத்தார். இவரும் போய்விட்டால் அந்த வீட்டில் தான் யாராக இருப்போம் என்று அவளுக்குப் புரியவில்லை.

குட்டை நாளுக்கு முந்தைய நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தலைமை அலுவலகம் எதையும் அவசரப்பட்டுக் கேட்காது. மூன்று வருடத்துக்கு முந்தைய இன்ன தேதியில் உங்கள் நிலையத்தைச் சுற்றியுள்ள நான்கு நிலையங்களிலும் முழு வெயில் பதிவாகியுள்ளது, தங்கள் நிலையத்தில் மட்டும் இல்லை என்று காண்கிறது, விளக்கம் தரவும் என்று அதில் இருந்தது. மதியம் சாப்பாட்டுக்கு வந்தவள் அதை மேஜை மேல் வைத்துவிட்டு, கண்டக்டர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, நான் ஒரு பொய் எழுதிட்டேன்."

"எங்க?"

"ஆபீஸ் நோட்டுல. அவர் போன அன்னிக்கு. வெயிலே இல்லன்னு எழுதினேன். இருந்துச்சு மாமா. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும், முழுசா இருந்துச்சு. எனக்குத் தாங்கல. அதனாலதான் இங்க வரமாட்டேங்குது. உங்க இருமலுக்கு நான்தான் காரணம்."

கண்டக்டர் திட்டுவார் என்று நினைத்தாள். அவர் எழுந்தார். நாற்காலியைத் தள்ளினார். அலமாரியோரம் மூன்று வருடமாகக் கிடந்த தரைவிரிப்பைக் காலால் ஒதுக்கினார். அந்த விரிப்பைக் கூட்டும்போதுகூட எடுக்கவிடமாட்டார், கால் வழுக்கும் என்பார். கீழே பலகையில் பென்சில் கோடுகள் நெருக்கமாக இருந்தன, எல்லாம் கண்ணாடிக்காரர் கையால் போட்ட நேர்க்கோடுகள். அலமாரிக் காலை ஒட்டி, கடைசியாக ஒன்று மட்டும் நடுங்கிக் கோணலாக இருந்தது. அதன் பக்கத்தில் அந்தத் தேதி.

"கிளம்பும்போது சொல்லிட்டுப் போனான், அப்பா, சங்கு ஊதினதும் கோடு போட்டுடு, இன்னிக்குக் கடைசிக் கோடு, மறந்துடாதேன்னு" என்றார் கண்டக்டர். "போட்டேன். போட்டுட்டு அந்த வெயில்லயே காலை நீட்டி உக்காந்தேன். என்னா வெயில்ங்கற! பாட்டு வேற முணுமுணுத்தேன்மா. பன்னெண்டரைக்குத்தான் ஆள் வந்து சொன்னாங்க. அவன் போய் ஒன்றரை மணி நேரம் ஆச்சு, நான் இங்க சுகமா வெயில் காஞ்சுட்டிருக்கேன். பெத்தவன். இதை யாருகிட்டச் சொல்றது? விரிப்பை இழுத்துப் போட்டுட்டேன்."

அவளுக்கு மூன்று வருடமாக வராத அழுகை அப்போது வந்தது. கண்டக்டரின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அது பனிக்கட்டி போல இருந்தது. "அவர்தானே மாமா போடச் சொன்னார்" என்றாள்.

"உனக்கும் அதேதான் அம்மாடி. அவன் போனதுக்கு வெயில் என்ன பண்ணும்? நல்லாத்தான் அடிச்சுது அன்னிக்கு." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவனுக்குப் பிடிச்ச மாதிரி அடிச்சுது."

தகரப் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு அவள் மேட்டுக்குப் போனாள். பதிவேட்டில் எதையும் அழிக்கக்கூடாது என்பது விதி. தவறை ஒற்றைக் கோட்டால் அடித்து, படிக்க முடியும்படி விட்டு, மேலே சிவப்பு மையில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'வெயில்: ஆறு மணி நேரம் பத்து நிமிடம்' என்று எழுதினாள். குறிப்புக் கட்டத்தில் மூடுபனியை அடித்துவிட்டு, 'மிக நல்ல வெயில்' என்று எழுதினாள். எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. தலைமை அலுவலகத்துக்கு, 'அன்று என் கணவர் இறந்தார். தவறுதலாக எழுதிவிட்டேன். வெயில் இருந்தது' என்று பதில் எழுதி அட்டையை இணைத்தாள். திரும்பி இறங்கும்போது மேற்கு மேட்டின் விளிம்பில் கடைசி வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. குட்டை நாள் கழிந்தால் பகல் நாளுக்குச் சில நொடிதான் நீளும், பத்துப் பதினைந்து நாள்வரை ஊரில் யாருக்கும் தெரியாது, அவள் அட்டைக்கு மட்டும் தெரியும். யார் இருக்கிறார், யார் இல்லை என்று பார்க்காமல் திரும்பி வருகிற அந்த வெளிச்சத்தின் மேல் மூன்று வருடமாக அவளுக்குக் கோபம். யாரையும் பார்த்து நிற்காமல் வருவதால்தானே எல்லாருக்கும் வருகிறது என்று அன்றைக்குத் தோன்றியது. தனக்குத் தெரிந்த பிரார்த்தனை எல்லாம் மறந்துபோயிருந்ததால், அவள் சூரியனைப் பார்த்து, வந்துடு, என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள், குட்டை நாளன்று, ஊரில் அப்படி ஒரு மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை, தன் கேட்டே தெரியவில்லை. எட்டரை மணி அளவெடுப்பை முடித்துக்கொண்டு தடவித் தடவி வீட்டுக்கு வந்தவள் கண்டக்டருக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். சரியாக ஒன்பதே காலுக்கு, பனிக்கு நடுவில், தெற்குச் சன்னல் வழியாக வெயில் உள்ளே வந்தது. வெளியே வெள்ளையாக ஒன்றும் தெரியாமல் இருக்க, உள்ளே பலகைத் தரையில் மஞ்சளாக, சுத்தமாக, சன்னல் சட்டத்தின் நிழலோடு விழுந்தது. இன்றைய வெயில் இல்லை அது. அவள் இருபத்தைந்து வருடம் வெயில் பார்த்தவள், அவளுக்குத் தெரியும். அந்த அட்டையைப் பொசுக்கிய வெயில் அது.

அதில் ஒரு நிழலும் இருந்தது. சன்னலுக்கு வெளியே ஒருவர் நின்று கண்ணாடி துடைப்பதுபோல, நிழல்கை வட்டம் வட்டமாகத் தரையில் சுற்றியது. வலது மேல் மூலையை எப்போதும்போல இரண்டு தடவை துடைத்தது. குனிந்து பெட்டியை எடுத்துத் தோளில் மாட்டியது. வெளியே பனியைத் தவிர யாரும் இல்லை. பெட்டியை மாட்டிய நிழல் கிளம்பாமல் நின்றது. தினமும் காலையில் அவர் அப்படித்தான் நிற்பார், உள்ளேயிருந்து அப்பா கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டிக் குரல் கொடுத்த பிறகுதான் நகர்வார், சின்ன வயதிலிருந்து அவர்களுக்குள் அது ஒரு விளையாட்டு. அந்தக் கடைசி நாளன்று கண்டக்டர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார், தட்டவில்லை. இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நிழலை மிதிக்காமல் சுற்றிப் போய்ச் சன்னல் அருகில் நின்றார். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம், ரைட்" என்றார்.

நிழல் ஒரு கையைத் தூக்கிவிட்டு, தரையில் நீளமாக நகர்ந்து, சுவரேறிப் போயிற்று. வெயில் அங்கேயே இருந்தது. அவள் டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள், சூடு ஆறவே இல்லை.

பத்து மணிக்குத் தையல்காரி பனியில் ஒரு வீடு மட்டும் உள்ளிருந்து மஞ்சளாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், திரும்பிப் போய் இரண்டு நாளாகக் காயாத துணியை வாளியோடு தூக்கிவந்தாள். பதினோரு மணிக்குள் தெருவே கம்பளியோடு வந்துவிட்டது. அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில் மூன்று கொடி கட்டினார்கள். பேக்கரிக்காரர் பன் கொண்டுவந்தார், வாத்தியார் சும்மா வந்தார், சிட்டுக்குருவி இரண்டு பனியைக் கிழித்துக்கொண்டு ஓட்டில் வந்து உட்கார்ந்து தங்கள் பழைய இடத்துக்காகச் சண்டை போட்டன. சங்கு ஊதியதும் கண்டக்டர் எல்லாரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டுக் குனிந்து பென்சிலால் கோடு போட்டார். அது பழைய கோணல் கோட்டின் மேலேயே அச்சாக விழுந்தது. மூன்று இருபத்தைந்துக்கு வெயில் போயிற்று, கம்பளிகள் எல்லாம் காய்ந்திருந்தன. அதற்கு மறுநாளிலிருந்து அந்த வீட்டுக்குள் மற்ற வீடுகளைப் போலவே, இருக்கும்போது இருந்து இல்லாதபோது இல்லாமல், சாதாரண வெயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த நாத்தனார், அப்பா வெயிலில் காலை நீட்டிப் பாட்டு முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டு, செவ்வாய்க்கிழமை தனியாகத் திரும்பிப் போனாள். டாக்டரம்மா மருந்தைப் பாதியாகக் குறைத்தார்.

இப்போதும் வருடா வருடம் குட்டை நாளன்று ஒன்பதே காலுக்கு, வெளியே பனியோ மழையோ, அந்தப் பழைய வெயில் வருகிறது. கண்டக்டர் அன்று சீக்கிரம் பல் தேய்த்துவிடுகிறார். தெருவில் அன்றைக்குக் கம்பளி துவைக்கிற நாள் என்று ஆகிவிட்டது. சாயங்காலம் வெயிலக்கா மேட்டுக்குப் போய், அட்டையை உருவிப் பார்த்து, அது வெறுமையாக இருந்தால் 'வெயில்: இல்லை' என்று உள்ளபடியே எழுதுகிறாள். குறிப்புக் கட்டத்தில், குளத்தோர ஐஸுக்கும் குருவிகளுக்கும் கீழே, 'என் வீட்டில் மட்டும் ஆறு மணி நேரம் பத்து நிமிடம்' என்று சேர்த்துக் கையெழுத்திடுகிறாள். தலைமை அலுவலகம் இதைப் பற்றி இன்னும் விளக்கம் எதுவும் கேட்கவில்லை.